அழுதவரும் சரிக்கட்டியவரும்

விக்கிரவாண்டி வட்டாரத்தில் பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, மின் இணைப்பு என்று ஏதாவது ஒரு காரியத்துக்காக அலைந்து திரும்பியவரிடம் செலவு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால், "ரெண்டாயிரம் அழுதுட்டு வந்தேன்" என்பார். "லஞ்சம் கொடுத்தேன்" என்று சொல்பவர் அரிது. அதே மனிதர், ஏரிப் புறம்போக்கை வளைத்துப்போட்ட ஒரு பெரும்புள்ளியைப் பற்றிப் பேச்சு வரும்போது, "ஆபீசரைச் சரிக்கட்டிட்டான்" என்பார். இரண்டிலும் கைமாறியது பணம். இரண்டிலும் கொடுத்தவர் அரசுப் பணியில் இல்லாதவர், வாங்கியவர் அரசு ஊழியர். ஆனாலும் பேச்சுத் தமிழ் இரண்டையும் ஒரே வினையால் சொல்வதில்லை.

ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் 'பிரைப்' என்ற ஒரே வினைதான். அதன் எழுவாய் எப்போதும் கொடுப்பவர், வாங்குபவர் செயப்படுபொருள். மிரட்டலுக்குப் பணிந்து ஐநூறு ரூபாய் நீட்டிய சிறு விவசாயியும், மணல் குவாரிக்காக ஐம்பது லட்சத்தைப் பெட்டியில் அனுப்பியவரும் அந்த மொழியின் இலக்கணத்தில் ஒரே செயலைச் செய்தவர்கள். நம்முடைய ஊழல் தடுப்புச் சட்டங்கள் ஆங்கிலத்தில் சிந்திக்கப்பட்டு ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஆகவே இந்த வினையின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் வேலை அல்ல. யாரைக் குற்றவாளியாக நிறுத்துவது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

'பிரைப்' பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அது பிச்சைக்காரனுக்குப் போடும் ரொட்டித் துண்டைக் குறித்தது. அதனோடு சேர்ந்த வினைக்குப் 'பிச்சையெடு' என்று பொருள். அதற்கு முன்னால் சொல்லின் வேர் எங்கே என்பதில் அறிஞர்களுக்குள் உடன்பாடு இல்லை. இன்றைய பிரெஞ்சில் அந்தச் சொல் துணுக்கு, துண்டுதுணுக்கு என்ற அளவில் எஞ்சி நிற்கிறது. லஞ்சத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இப்போது சொல்வது 'மதுக்குடம்' என்று பொருள்படும் வேறொரு தொடர்.

ஆங்கிலத்துக்குள் நுழைந்தபின் இந்தச் சொல்லுக்கு நேர்ந்ததுதான் முக்கியமானது. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'பிரைப்' என்றால் பறி, திருடு, மிரட்டி வாங்கு. சாசரின் 'கான்டர்பரி கதை'களில் பாதிரியார் சொல்லும் கதையில் ஒரு சர்ச் நீதிமன்றச் சேவகன் வருகிறான். ஏழைக் கிழவி ஒருத்தியின் மேல் இல்லாத வழக்கைப் புனைந்து பணம் பறிக்கப் போகிறான். அவன் செய்ய நினைப்பதைச் சொல்ல சாசர் ஆளும் வினை இதுவே. அதாவது அன்றைக்கு அந்த வினையின் எழுவாய் வாங்குபவன். பணம் கேட்கப்பட்ட கிழவி பாதிக்கப்பட்டவள். பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் சொல் திசை மாறுகிறது. 'பணம் கொடுத்து ஒருவரை வசப்படுத்து' என்ற பொருள் மேலே வந்து, 'பறி' என்ற பொருள் மறைந்தே போகிறது. கிழவியின் இடத்தில் இருந்தவள் எழுவாயாகிவிட்டாள். சேவகன் செயப்படுபொருளாகி, யாரோ கெடுத்துவிட்ட நல்லவனைப் போலத் தோற்றமளிக்கிறான்.

தமிழில் இந்தத் திசைமாற்றம் நடக்கவில்லை. நம் மொழியில் லஞ்சத்துக்குத் தனி வினையே கிடையாது. ஒரு பெயர்ச்சொல்லை எடுத்துக் 'கொடு', 'வாங்கு' இரண்டில் ஒன்றைச் சேர்க்கிறோம். ஒவ்வொரு முறையும் யார் பக்கத்திலிருந்து சொல்கிறோம் என்று பேசுபவர் தேர்ந்தே ஆகவேண்டும். நாளிதழ்த் தலைப்புகளைப் பாருங்கள்: "லஞ்சம் வாங்கிய சர்வேயர் கைது", "லஞ்சம் வாங்கிய சார்பதிவாளர் சிக்கினார்". பெரும்பாலும் வாங்கு என்ற வினைதான்.

லஞ்சம் என்ற சொல்லே பழையது, பல மொழிகளுக்குப் பொதுவானது. வடமொழி அகராதிகளிலும், கன்னடத்திலும், தெலுங்கிலும் சிறு ஒலி வேறுபாட்டோடு இருக்கிறது. பாலி மொழியின் ஜாதகக் கதைகளில் லஞ்சம் வாங்கும் அதிகாரியைக் குறிக்கும் சொல்லின் நேர்ப்பொருள் 'லஞ்சம் தின்பவன்'. இந்தியிலும் வங்காளத்திலும் இன்றும் லஞ்சத்தைத் தின்கிறார்கள். நாமும் "நல்லா தின்னு கொழுத்துட்டான்" என்றுதான் சொல்கிறோம். வருவாயில் கைவைக்கும் அதிகாரியை நீருக்குள் இருக்கும் மீனோடு ஒப்பிடும் கௌடில்யரும், அது எப்போது நீர் குடிக்கிறது என்று யாராலும் அறிய முடியாது என்கிறார். இந்திய மொழிகளின் பழைய வழக்கில், குற்றம் உண்பவனுடையது.

'கையூட்டு' என்ற தமிழ்ச்சொல்லும் உணவிலிருந்தே பிறந்தது, கைக்கு ஊட்டுவது. இதன் மிக முக்கியமான பழைய ஆட்சி திண்டிவனத்துக்கு வடக்கே, உத்திரமேரூரில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்கான தகுதிகளையும் தகுதியிழப்புகளையும் பட்டியலிடுகின்றன. கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் ஆகியோரோடு, எவ்வகையான கையூட்டும் கொண்டவர், கழுவாய் செய்து தூய்மையடைந்த பிறகும்கூட, உயிருள்ளவரை வாரியத்துக்குப் பெயர் எழுதப்படக் கூடாது என்று விலக்கப்படுகிறார். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று இந்தச் சொல்லை 'விலக்கப்பட்ட உணவு' என்று கொண்டது, ஐயக்குறியோடு. பின்வந்த தமிழ் ஆய்வாளர்களும் மேடைப் பேச்சாளர்களும் லஞ்சம் என்று படித்தார்கள். பிராமணச் சபையின் விதிகளில் கழுவாயோடு சேர்ந்து வருவதால் உணவு என்ற பொருளுக்கும் இடம் உண்டு. ஆனால் முந்திய தொடர் பிறர் பொருளைக் கவர்ந்தவரைப் பற்றியது என்பதால் லஞ்சம் என்ற பொருளே பொருத்தம் என்பது என் எண்ணம். எப்படிப் படித்தாலும் வினை 'கொள்' என்பதுதான். கொடுத்தவரைப் பற்றி அந்தத் தொடர் பேசவில்லை.

'மாமூல்' வேறு வழியில் வந்தது. அரபியில் 'வழக்கமாகச் செய்யப்படுவது' என்று பொருள். பாரசீகம், உருது வழியாக நிர்வாக மொழிக்குள் வந்து, மாமூல் பாதை, மாமூல் வாய்க்கால் என்று நல்ல பொருளிலேயே நெடுநாள் இருந்தது. இன்றைக்கு அது மாதாமாதம் போகும் பணம். போகும் என்கிற வினையைக் கவனிக்க வேண்டும். "மாசம் பொறந்தா மாமூல் போயிடும்" என்பார் கடைக்காரர். கொடுப்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. மழை பெய்வதுபோலப் பணம் தானாகப் போகிறது. லஞ்சத்தைச் சுட்டும் சொற்களிலேயே எனக்கு மிகவும் அச்சம் தருவது இதுதான். எழுவாயே இல்லாத குற்றத்தை யார் மேல் சுமத்துவது?

இவற்றுக்கு மேல், வீட்டிலும் தெருவிலும் நாம் உண்மையாக ஆளும் வினைகளைப் பார்த்தால் அவை இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. ஒருபக்கம்: அழுதேன், கொட்டி அழுதேன், தெண்டம் கட்டினேன், பிடுங்கிட்டாங்க. மறுபக்கம்: சரிக்கட்டினான், கைக்குள்ள போட்டுக்கிட்டான், விலைக்கு வாங்கிட்டான். முதல் கூட்டத்தில் பேசுபவர் பெரும்பாலும் 'நான்'. பணம் மட்டும்தான் வாக்கியத்தில் வருகிறது, அதிகாரி வருவதில்லை. வந்தால் எழுவாயாக வருகிறார், பிடுங்கியவராக. இரண்டாம் கூட்டத்தில் எழுவாய் 'அவன்'. அதிகாரியோ சாட்சியோ செயப்படுபொருள். "சாட்சியை விலைக்கு வாங்கிட்டான்" என்பதில் வாங்கப்படுவது மனிதன். ஆங்கிலத்தின் 'பிரைப்' இந்த இரண்டாம் கூட்டத்துக்கு மட்டுமே நேரானது. நடுவே 'கவனி' என்ற வினை இருக்கிறது. "கொஞ்சம் கவனிங்க" என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பதும், "நல்லா கவனிச்சுட்டான்" என்று தெருவில் பேசுவதும் அதே சொல்தான். கேட்பவர் வாயில் அது கட்டளை; மூன்றாமவர் வாயில் அது குற்றச்சாட்டு.

இந்தப் பிரிவினையைப் படிக்காத மக்களின் சமாதானம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 1837 வரைவுக்கு எழுதிய குறிப்புகளில் மெக்காலே இதையே பேசினார். அதிகாரி கேட்காமல் தானாகப் பணம் நீட்டுகிறவர் குற்றத்துக்கு உடந்தை; தண்டிக்க வேண்டும். அதிகாரி கேட்டதால், குறிப்பாலோ வெளிப்படையாகவோ கேட்டதால், கொடுக்கிறவர் அவரைத் தூண்டியதாகச் சொல்ல முடியாது. அவரைத் தண்டிக்க வேண்டாம். இந்தியாவைப் பற்றி எத்தனையோ தவறான முடிவுகளை எடுத்த அந்த மனிதர் இந்த இடத்தில் சரியாகவே பார்த்திருக்கிறார். 1860-இல் சட்டமானபோது 161-ஆம் பிரிவு ஊதியத்துக்கு மேல் ஆதாயம் பெறும் அரசு ஊழியரைக் குறிவைத்தது. கொடுப்பவரின் உடந்தைக் குற்றத்துக்குத் தனிப் பிரிவு, 165-ஏ, 1952-இல்தான் சேர்ந்தது.

பத்தாண்டுகள் கழித்து, 1962-இல் மத்திய அரசு அமைத்த ஊழல் தடுப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் தமிழரான கே. சந்தானம். 1964-இல் வந்த அக்குழுவின் அறிக்கை, 'வேகப் பணம்' என்ற ஒன்றைப் பேசியது. கொடுப்பவர் முறைகேடான எதையும் கேட்பதில்லை. தனக்கு உரிய உரிமமோ சான்றோ காலத்தோடு கிடைக்க வேண்டும், கோப்பு நகர வேண்டும் என்று மட்டும் கொடுக்கிறார். மத்திய கண்காணிப்பு ஆணையம் பிறந்தது இந்தக் குழுவின் பரிந்துரையில். தமிழ்நாட்டின் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககமும் 1964-இல் ஏற்பட்டதுதான். பொறிவைத்துப் பிடிக்கும் முறை நமக்கு நாளிதழ் வழியாக நன்றாகத் தெரியும்: பினாப்தலின் பொடி தடவிய நோட்டுகள், வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாக மாறும் நீர். அழுதுவிட்டு வர மறுத்த ஒருவர் புகார் கொடுக்க முன்வந்தால்தான் இந்தப் பொறி முழுதும் இயங்கும்.

1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. அதன் 24-ஆம் பிரிவு, லஞ்சம் கொடுத்ததாகச் சாட்சியம் சொல்பவர்மேல் அந்தச் சாட்சியத்தை வைத்தே வழக்குப் போடக்கூடாது என்றது. 2011-இல், அப்போது மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த கௌசிக் பாசு இன்னும் ஓரடி போனார். தனக்கு உரிமையானதைப் பெறவே கொடுக்க நேரும் 'தொல்லை லஞ்சம்' இருக்கிறதே, அதில் கொடுப்பதைச் சட்டபூர்வமாக்கி, வாங்கியவரை மட்டும் கடுமையாகத் தண்டித்து, பணத்தையும் திருப்பிக் கொடுக்கச் செய்யலாம் என்று எழுதினார். அப்போதுதான் கொடுத்தவர் துணிந்து புகார் செய்வார் என்பது அவர் கணக்கு. லஞ்சத்தை ஒழுக்கமாக்கப் பார்க்கிறார் என்று பலத்த எதிர்ப்பு எழுந்தது. 'அழுதேன்' என்ற வினைக்கு ஒரு பொருளாதார அறிஞர் சட்ட வடிவம் தேடினார் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

2018 திருத்தம் எதிர்த்திசையில் போனது. 24-ஆம் பிரிவு நீக்கப்பட்டது. 8-ஆம் பிரிவு கொடுப்பவரை நேரடிக் குற்றவாளியாக்கி, ஏழாண்டு வரை சிறை என்றது. கட்டாயத்தால் கொடுத்தவருக்கு ஒரு விலக்கு உண்டு: கொடுத்த 7 நாட்களுக்குள் காவல் துறைக்கோ புலனாய்வு அமைப்புக்கோ தெரிவித்திருக்க வேண்டும். மெக்காலே பார்த்தது, கேட்டது யார் என்பதை. இந்தப் பிரிவு நாட்களை எண்ணுகிறது. அன்னியூரிலோ கஞ்சனூரிலோ இருக்கும் ஒரு சிறு விவசாயியை எண்ணிப்பாருங்கள். பட்டா மாறுதலுக்குப் பணம் கொடுத்திருக்கிறார். காரியம் இன்னும் முடியவில்லை. அதே அலுவலகத்துக்கு அடுத்த மாதமும் போகவேண்டும். ஏழு நாளுக்குள் விழுப்புரம் போய் எழுதிக் கொடுக்கத் தவறினால், சட்டத்தின் பார்வையில் அவரும் ஏரிப் புறம்போக்கை வளைத்தவரும் ஒரே பிரிவுக்குள் வந்துவிடுகிறார்கள். கொடுத்தவரும் குற்றவாளி என்ற அச்சம் வாங்கியவருக்குத்தான் காவல்.

நீதிமன்றங்கள் வாங்குபவரின் பக்கத்தில் இந்த வேறுபாட்டைக் கூர்மையாகவே பார்த்திருக்கின்றன. 2022 டிசம்பர் 15 அன்று நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, தானாக நீட்டியதை ஏற்பதும் கேட்டுப் பெறுவதும் தனித்தனி என்று விளக்கியது. கேட்டது நிரூபணமாக வேண்டும். புகார்தாரர் இறந்துபோனாலோ பிறழ்ந்தாலோ சூழ்நிலைச் சான்றுகளால் நிரூபிக்கலாம் என்றது. நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டைக்கு இவ்வளவு என்று விவசாயிகளிடம் பிடுங்கப்படுவதைப் பற்றிய வழக்கில், 2020-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஊதியத்துக்கு மேல் லஞ்சம் பெறுவது பிச்சையெடுப்பதற்குச் சமம் என்று கண்டித்தது. பிச்சைக்காரனின் ரொட்டித் துண்டிலிருந்து புறப்பட்ட சொல்லின் பழைய பொருள் ஒரு தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் திரும்பவும் ஒலித்தது, நெல் மூட்டைகளின் பேரில்.

கொடுத்தவரைக் குற்றவாளியாக்கி வாங்கியவரை விடுவித்த தீர்ப்பும் நமக்கு உண்டு. 1998-இல் நரசிம்மராவ் வழக்கில், பணம் வாங்கி நாடாளுமன்றத்தில் வாக்களித்த உறுப்பினர்களுக்கு அரசியல் சட்டத்தின் 105-ஆம் பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். கொடுத்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வாங்கிவிட்டு வாக்களிக்காத உறுப்பினருக்கும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்களுக்கு மட்டுமே. சீதா சோரன் வழக்கில் எழுவர் அமர்வு 2024 மார்ச் 4 அன்று இதைத் தூக்கியெறியும்வரை இருபத்தாறு ஆண்டுகள் அதுவே நாட்டின் சட்டம்.

அதற்கு நான்கு மாதம் கழித்து, ஜூலை 10 அன்று விக்கிரவாண்டி வாக்களித்தது. ஐந்தாண்டுக்குள் அந்தத் தொகுதி கண்ட இரண்டாவது இடைத்தேர்தல் அது. 2019 அக்டோபரில் அன்றைய ஆளுங்கட்சியான அ.தி.மு.க. 44,924 வாக்கு வேறுபாட்டில் வென்றது. 2024-இல் இன்னொரு ஆளுங்கட்சியான தி.மு.க. 67,757 வாக்கு வேறுபாட்டில் வென்றது. இரண்டாம் முறை அ.தி.மு.க. போட்டியிடவே இல்லை, பணபலமும் அதிகாரபலமும் நியாயமான தேர்தலுக்கு இடம் தராது என்று சொல்லிப் புறக்கணித்தது. எந்தக் கட்சி எவ்வளவு கொடுத்தது என்ற குற்றச்சாட்டுகளை இங்கே தீர்க்க முடியாது. நான் கேட்க விரும்புவது, அந்தப் பணத்தை நாம் எந்த வினையால் பேசுகிறோம் என்பதை.

'பட்டுவாடா' என்கிறோம். வடக்கிலிருந்து நிர்வாக மொழிக்குள் வந்த சொல்; சம்பளப் பட்டுவாடா, தபால் பட்டுவாடா என்று உரியதை உரியவரிடம் சேர்க்கும் வேலைக்கு உரியது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு அந்தச் சொல்லைக் கொடுத்தபோது, கொடுப்பவர் குற்றவாளியின் இடத்திலிருந்து குமாஸ்தாவின் இடத்துக்கு நகர்ந்துவிட்டார். தெருவில் கேட்கும் கேள்வியோ இன்னும் தெளிவு: "உங்க பக்கம் வந்துடுச்சா?" மாமூல் போவதுபோல ஓட்டுப் பணம் வருகிறது. எழுவாய் இல்லை. கண்டிக்க வரும்போது மட்டும் எழுவாய் கிடைத்துவிடுகிறது, அது வாக்காளர்: "காசு வாங்கிட்டு ஓட்டுப் போடற ஜனங்க."

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்து 1854-இல் தேர்தல் லஞ்சம், விருந்து வைத்தல், முறைகேடான அழுத்தம் மூன்றுக்கும் வரையறை செய்தது. அந்த மரபில் 1920-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 171-பி சேர்ந்தது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 170-ஆம் பிரிவு. அதில் கொடுப்பவரே முதலில் வருகிறார், ஏற்பவர் அடுத்து. தண்டனை ஓராண்டு வரை. உணவு, பானம், கேளிக்கை வடிவிலான 'விருந்து' என்றால் அபராதம் மட்டும். தொகுதியெங்கும் பிரியாணிப் பந்தல் போடுவதைச் சட்டம் இன்றும் சின்னக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

தேர்தல் ஆணையம் தமிழ்நாட்டில் பணத்தின் காரணமாகத் தேர்தலையே நிறுத்தியிருக்கிறது: 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதி. நான்கிலும் தள்ளிப்போனது வாக்காளரின் வாக்கு. விக்கிரவாண்டி, திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் சாலை பிரியும் ஊர். தேர்தல் நாட்களில் பறக்கும் படை அந்தச் சாலைகளில் நின்று, 50,000 ரூபாய்க்கு மேல் கணக்குக் காட்ட முடியாமல் கொண்டுபோவோரை நிறுத்துகிறது. நெல் விற்ற பணத்தோடும், மாடு வாங்கப் போகும் பணத்தோடும், நகைக்கடைச் சரக்குப் பணத்தோடும் மக்கள் வரிசையில் நின்று ரசீது காட்டுகிறார்கள். பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் செலவிட 2022 முதல் அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். வீடுவீடாகப் போன பணம் எந்த வேட்பாளரின் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. செய்தித்தாளிலும் அது "பட்டுவாடா செய்யப்பட்டதாகக் கூறப்படுகிறது" என்றே வருகிறது: செய்தவர் யார் என்று சொல்லாத வினை, கூறியவர் யார் என்று சொல்லாத இன்னொரு வினை. சரிக்கட்டினான் என்று ஆள் பெயரோடு சொல்லும் துணிவு இந்த மொழியின் பேச்சில் இருக்கிறது. எழுத்துக்குத்தான் அது இன்னும் வந்துசேரவில்லை.